ஒரு மதிப்பெண் குறைந்த முட்டி

மார்ச் 4

தம்பிக்கு,

எட்டாம் வகுப்பில் உன் மகள் என்னை ஒரு கேள்வி கேட்டாள். மூட்டுகளைப் பற்றிய பாடம். நான் ஒரு பித்தளைக் கீலைக் கையில் வைத்துக்கொண்டு, "முட்டி இப்படித்தான், கதவுக் கீல் மாதிரி" என்று மடக்கி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, "அத்தை, கதவு முன்னயும் பின்னயும்தான் ஆடும். என் கால் கொஞ்சம் திரும்பவும் செய்யுதே, அது எப்படி?" என்றாள். டீச்சர் என்று சொல்லாமல் அத்தை என்று சொன்னதற்காக வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். பத்து வருடத்துக்கு முந்தைய அந்தக் கேள்வி மூன்று நாளாக என்னைத் தூங்க விடவில்லை. அதற்குக் காரணம் நீ.

'அன்புள்ள' என்று நான் போடாததைக் கவனித்திருப்பாய். கை வரவில்லை. போனை நீ எடுப்பதில்லை. எடுத்த ஒரு தடவையும், அவள் காலைப் பற்றி நான் கேட்டதும், "என் வீட்டு வாசப்படிய மிதிக்காதே" என்று சொல்லி வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிப்பதற்காகவாவது உறையைத் திறக்க வேண்டும். திறந்தால் நீ படிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா?

நடந்ததை உன் மனைவி மொட்டை மாடிக்குப் போய் ரகசியமாகப் பேசிச் சொன்னாள். அவளைத் திட்டினால் அடுத்த கடிதம் இதைவிட மோசமாக இருக்கும்.

நாம் தவளை என்று கூப்பிடுகிற உன் மகள் தீயணைப்புப் பயிற்சி மைதானத்தில் தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறாள். பின்னால் யாரோ கூப்பிட, வலது காலை ஊன்றியபடியே உடம்பை மட்டும் திருப்பியிருக்கிறாள். 'டொக்' என்று ஒரு சத்தம். மறுநாள் காலை முட்டி இளநீர்க்காய் போல வீங்கியிருந்தது. பத்து நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் கால் முழுதாக நீளவில்லை. படுத்தால் முட்டிக்கு அடியில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. மூன்று வாரமாக இதே நிலை.

இதற்கு நீ செய்த வைத்தியம் என்ன? அவளை உன் தச்சுப் பட்டறையின் இழைப்பு மேசையில் உட்கார வைத்து, குதிகாலுக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து, முட்டியின் மேல் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தியிருக்கிறாய். "மழைக்கு ஊதின கதவு மாதிரிதாம்மா. நாலு அழுத்து அழுத்தினா நிலையில உக்காந்துடும்" என்றாயாம். அவள் அலறியதில் எதிர்வீட்டுத் தையல்காரர் கத்தரிக்கோலோடு ஓடிவந்தாராம்.

நான் டாக்டர் இல்லை. முப்பத்தொரு வருடம் உயிரியல் நடத்தியவள், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கேள். தொடை எலும்பின் அடியில் இரண்டு உருண்டைகள். கீழ்க்கால் எலும்பின் உச்சியோ கிட்டத்தட்ட ஒரு தட்டு. தட்டின் மேல் உருண்டையை வைத்தால் என்ன ஆகும்? உருண்டு ஓடும். ஓடாமல் இருக்கப் பிறை வடிவத்தில் இரண்டு மெத்தைகள் இருக்கின்றன. வெளி ஓரம் தடித்து உள் ஓரம் மெலிந்து, நிறுத்திய லாரியின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிறோமே ஒரு சரிவுக் கட்டை, அதுபோல. முட்டி மடங்கி, பாதம் ஊன்றியிருக்கும்போது உடம்பு திரும்பினால், இந்த மெத்தை இரண்டு எலும்புக்கும் நடுவே சிக்கிக் கிழியலாம். கிழிந்த துண்டு வாளியின் கைப்பிடி போலப் புரண்டு மூட்டின் நடுவில் விழுந்தால் கால் நீளாது. எவ்வளவு பலசாலி அழுத்தினாலும் நீளாது.

கதவு சாத்தவில்லை என்றால் முதலில் இடுக்கில் என்ன இருக்கிறது என்று பார்ப்பாயா, இல்லை கதவை அறைவாயா? அந்த இடுக்கில் ஒரு குழந்தையின் விரல் இருந்தால்?

நாளைக்கே ஸ்கேன் எடு.

அக்கா

*

மார்ச் 9

அக்காவுக்கு,

நீ போடாததை நானும் போடவில்லை.

உன்னைப் போல எனக்கு எழுத வராது. சுருக்கமாகச் சொல்கிறேன். முட்டி கதவுக் கீல் என்று சொன்னது யார்? நானா? நான் பத்தாவதில் உயிரியலில் கோட்டை விட்டவன். முட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ சொன்னதுதான். "பசங்களுக்குக் காட்டணும்டா, ஒரு கீல் குடு" என்று பட்டறைக்கு வந்து நின்றாய். புதுக் கதவுக்கு வாங்கி வைத்திருந்த பித்தளைக் கீலை எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கதவு ஒரு வாரம் இரண்டு கீலில் தொங்கியது, வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நான். அந்தக் கீலைக் காட்டித்தான் நீ நல்லாசிரியர் என்று பெயர் வாங்கினாய். இன்று அதே கீலை நம்பினேன் என்று என்னை முட்டாள் என்கிறாய்.

அவள் கேள்வி கேட்டாள் என்று உருகி உருகி எழுதியிருக்கிறாயே, அதற்கு நீ என்ன பதில் சொன்னாய் என்று ஏன் எழுதவில்லை? நான் அவளையே கேட்டேன். சொன்னாள். "பரீட்சைக்குக் கீல்னு எழுது, மிச்சத்த அப்புறம் பாக்கலாம்" என்றாயாம். அந்த அப்புறம் இன்னும் வரவில்லையாம்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். என் மேசை இழுப்பறையில் தச்சுப் பென்சில்களுக்கு அடியில் பத்து வருடமாகக் கிடந்தது. அவள் அரையாண்டுத் தேர்வுத் தாள். முட்டியின் படம் வரைந்திருக்கிறாள். முன்னும் பின்னும் போகிற அம்புக்குறியோடு, வட்டமாகத் திரும்புகிற சின்ன அம்புக்குறி ஒன்றும் போட்டிருக்கிறாள். அதை நீ சிவப்பு மையால் அடித்து ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறாய். படம் அழகாக இருக்கிறதே என்றுதான் எடுத்து வைத்தேன். இப்படி உபயோகப்படும் என்று நினைக்கவில்லை.

இன்னொன்று. எட்டாம் வகுப்பிலிருந்து உன் வீட்டில் தங்கிப் படித்தவள். அங்கேதான் தீயணைப்பு வேலை என்ற ஆசை வந்தது. நீ "போடி, ஏறுடி" என்றாய். ஏறினாள். இருபதாம் தேதி ஏணித் தேர்வு. வராவிட்டால் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள். அவகாசம் கேட்டு நான் மைதானத்துக்குப் போனேன். பயிற்சியாளர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "பொண்ணுங்களுக்கு முட்டி எங்க சார் இருக்கு? சாக்குதான் இருக்கு. வீக்கமே இல்லாம என்ன வலி? நடிக்கிறா." மற்ற பிள்ளைகள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவளும் நின்றாள், ஒற்றைக் காலில்.

அன்று சாயங்காலம்தான் மேசையில் உட்கார வைத்தேன்.

ஸ்கேன் எடுத்தால் வெட்டச் சொல்வார்கள். என்னிடம் இருந்த பாலிஷ்காரருக்கு இதே முட்டியில் மெத்தையை வெட்டி எடுத்தார்கள். இப்போது அவர் படி ஏறினால் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்கிறது. என் மகளை அப்படி ஆக்க மாட்டேன். அவளும் நான் சரி என்று சொல்லாமல் போக மாட்டேன் என்கிறாள்.

நீ வர வேண்டாம்.

தம்பி

*

மார்ச் 12

தம்பிக்கு,

தாள் வந்தது. அடித்த கோடு என்னுடையதுதான். அந்த வருடம் நான் வைத்திருந்த பேனா கொஞ்சம் மை கக்கும், அதன் பொட்டுகூட அங்கே இருக்கிறது.

பாடப்புத்தகத்தில் கீல் மூட்டு என்றுதான் இருந்தது என்று சொல்லலாம். உண்மையும் அதுதான். ஆனால் அவள் கேட்டபோது எனக்குச் சரியான பதில் தெரியும். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது, நான் ஆசிரியர் அறைக்குப் போய்த் தேநீர் குடிக்க வேண்டியிருந்தது. அதுதான் காரணம். என் எடுத்துக்காட்டு பாதிதான் சரி. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டது நான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. இல்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது, என்றாலும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நீ இதை வைத்துத் தப்பிக்க முடியாது. கதவுப் பாடத்தை நடத்தியது நான். அழுத்தியது உன் கை. அலறிய பிறகும் இன்னொரு தடவை அழுத்தினாய் என்று உன் மனைவி சொன்னாள். கதவு அலறுமா? அலறிய அந்தக் கணத்தில் அது கதவு இல்லை என்று தெரிந்திருக்க வேண்டாமா? அந்தப் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டிய கோபத்தை நீ அவள் முட்டியில் காட்டினாய். அந்த ஆள் சொன்னதை நீயும் கொஞ்சம் நம்பினாய். என் நெஞ்சு எரிவது அதனால்தான்.

'நடிக்கிறா' என்றாராம். வீக்கம் வடிந்தால் காயம் ஆறிவிட்டது என்று எந்தப் புத்தகத்தில் படித்தார்? வீக்கம் என்பது வீட்டுக்குள் தீப்பிடித்தால் வெளியே வரும் புகை. புகை நின்றது என்று உள்ளே போய்ப் பார்க்காமல் திரும்புகிறவர் தீயணைப்பு வேலையைக் கற்றுத்தருகிறாராம்! அவருடைய மேலதிகாரிக்கு நானே எழுதியிருக்கிறேன். மூன்று பக்கம்.

இப்போது அந்த 'அப்புறம்'. பத்து வருடம் தாமதம்.

முட்டி மடங்கியிருக்கும்போது எலும்புகளைக் கட்டும் கயிறுகள் தளர்ந்து இருக்கும். அப்போது கீழ்க்கால் உள்ளேயும் வெளியேயும் கொஞ்சம் திரும்பும். தவளை போட்ட சின்ன அம்புக்குறி அதுதான். காலை நீட்டிக்கொண்டே போனால், கடைசிக் கட்டத்தில் கீழ்க்கால் எலும்பு தானாகவே சற்று வெளிப்பக்கம் திரும்பி, பூட்டிக்கொள்ளும். பூட்டிய பிறகு திரும்பாது. அதனால்தான் பேருந்துக்காக ஒரு மணி நேரம் நின்றாலும் நம் முட்டி மடிந்து விழுவதில்லை. மறுபடி மடக்க, முட்டியின் பின்னால் ஒரு சின்னத் தசை முதலில் அந்தத் திருப்பைத் திருப்பிவிடும். இத்தனையும் நீ ஒரு நாற்காலியிலிருந்து எழுவதற்குள் நடந்து முடிந்துவிடும். இதில் எதைக் கீல் செய்யும்?

ஊரில் எல்லாவற்றுக்கும் 'ஜவ்வு கிழிஞ்சிடுச்சு' என்று ஒரே பெயர். அது போதாது. எலும்பையும் எலும்பையும் கட்டுகிற கயிறுகள் வேறு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, நடுவில் பெருக்கல் குறி போலக் குறுக்காக இரண்டு. நடுக்கயிறு அறுந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே வீங்கும், பிறகு நடக்கும்போது கால் நழுவும். மெத்தை கிழிந்தால் வீக்கம் அநேகமாக மறுநாள்தான் வரும், கால் சிக்கிக்கொள்ளும். முட்டிக்கு முன்னால் மூடி போல இருக்கிற சில்லு வேறு. அது கிணற்று உருளை மாதிரி, தொடைத் தசை இழுக்கும் கயிற்றை வழுக்கிவிடும். எது பழுதானது என்று தெரியாமல் கை வைக்கவே கூடாது. தெரிந்துகொள்ளத்தான் ஸ்கேன்.

உன் பாலிஷ்காரருக்கு வெட்டி எடுத்தார்கள், சரி. முன்பெல்லாம் அப்படித்தான். இப்போது தைக்க முடிந்தால் தைக்கிறார்கள். மெத்தையின் வெளி ஓரத்தில் ரத்த ஓட்டம் உண்டு, அங்கே கிழிந்தால் ஒட்டும். ஆனால் நாள் ஆக ஆக, கால் மடங்கும் ஒவ்வொரு தடவையும், கிழிந்த துண்டு நசுங்கி நைந்துபோகும். நைந்த துணியில் தையல் நிற்குமா என்று எதிர்வீட்டுக்காரரைக் கேள். நீ பயப்படுகிற வெட்டு வரப்போவது ஸ்கேன் எடுப்பதால் இல்லை, எடுக்காமல் இருப்பதால்.

அவள் உன் ஒரு வார்த்தைக்காக உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இருபத்துமூன்று வயது, உன் அனுமதி தேவையே இல்லை. இருந்தும் காத்திருக்கிறாள். வீம்புக்கு எல்லை உண்டு, தம்பி.

தாளை நான் திருப்பி அனுப்பவில்லை. அதில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

அக்கா

*

மார்ச் 26

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று தையல்காரரிடம் கேட்டேன். ஒரு நைந்த துணியை எடுத்து, தைத்து, என் முன்னாலேயே இழுத்துக் காட்டினார். பிய்ந்தது. "ஏன் கேக்குறீங்க?" என்றார். நேரே வீட்டுக்குள் போய், "கெளம்பும்மா" என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவள் பையை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தாள்.

நீ சொன்னதுதான். உள் பக்கத்து மெத்தை, வாளிக் கைப்பிடிக் கிழிசல். கயிறுகள் நான்கும் நன்றாக இருக்கின்றன.

டாக்டர் அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே, "அடிபட்டப்புறம் யாராவது பலமா அழுத்தினாங்களா?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் இவள், "நான்தான் டாக்டர். பொறுமையில்லாம நானே அழுத்திப் பாத்துட்டேன்" என்றாள்.

இது அவள் சொன்ன முதல் பொய் என்று சொல்ல மாட்டேன். சின்ன வயதில் வாயெல்லாம் மரப்பசையோடு நின்று 'நான் திங்கல' என்று சொன்னவள். ஆனால் அப்போது தனக்காகச் சொன்னாள்.

வெளியே வந்து அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நான் மட்டும் திரும்ப உள்ளே போனேன். "அழுத்தினது நான்தாம்மா. ரெண்டு தடவ" என்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். கதவு செய்கிறேன் என்றேன். "இனிமே கதவை மட்டும் அழுத்துங்க" என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும்.

பதினெட்டாம் தேதி அறுவை நடந்தது. வெட்டவில்லை. தைத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் நைந்திருந்தால் தையல் பிடித்திருக்காது என்றார் டாக்டர் அம்மா. எவ்வளவு கொஞ்சம் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இருபதாம் தேதி நான் மைதானத்துக்குப் போனேன். வரிசையில் பெயர் படித்தார்கள். அவள் பெயர் வந்தது. பயிற்சியாளர், "வரலை, அடிங்க" என்றார். நான் முன்னால் போய் ஸ்கேன் படத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். "இதுதான் சார் நீங்க சொன்ன சாக்கு. நல்லா பாத்துக்குங்க. கிழிஞ்சது இதுதான், முந்தாநாள் மூணு இடத்துல தையல் போட்டிருக்கு" என்றேன். அவர் பார்க்கவில்லை. பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அவளுடைய பெயரை அடித்ததும் அடித்ததுதான். மேலதிகாரி மட்டும் என்னைக் கூப்பிட்டு, கால் தேறிய பிறகு அடுத்த குழுவில் சேரலாம் என்று எழுதிக் கொடுத்தார். மேசை மேல் உன் மூன்று பக்கம் இருந்தது. "உங்க அக்கா டீச்சரா?" என்றார். "தெரியுதா?" என்றேன்.

நீ எழுதினாயே, கால் நீளும்போது கடைசியில் ஒரு திருப்பு, அப்புறம் பூட்டு என்று. அதைப் படித்ததும் எனக்குத் தாழ்ப்பாள் நினைவுக்கு வந்தது. கம்பியைத் தள்ளினால் மட்டும் போதாது, கடைசியில் அதன் குமிழைக் கீழே திருப்ப வேண்டும். திருப்பினால்தான் நிற்கும். திறக்கும்போது முதலில் குமிழைத் தூக்க வேண்டும். அதுதானே இது? அன்றைக்கு நீ கீல் கேட்காமல் முட்டி எப்படி என்று என்னிடம் சொல்லியிருந்தால், ஒரு தாழ்ப்பாளையும் சேர்த்துக் கொடுத்திருப்பேன்.

இப்போது ஒரு சிக்கல். பிசியோதெரபிப் பெண் தினமும் வருகிறாள். எவ்வளவு மடக்கலாம், எப்படி நீட்டலாம் என்று அளந்து வைத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். அவள் போன பிறகு சாயங்காலம் ஒரு தடவை வீட்டில் செய்ய வேண்டும். குதிகாலைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், அழுத்தக் கூடாது. "அப்பா, நீங்க புடிங்க" என்கிறாள். அவள் அம்மாவைப் பிடிக்க விடமாட்டேன் என்கிறாள், நான்தான் வேண்டுமாம். என் கை போக மாட்டேன் என்கிறது. முப்பது வருடம் உளி பிடித்த கை நடுங்குகிறது.

வருவதாக இருந்தால் வா.

தம்பி

*

மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

கை வந்துவிட்டது. ஆனால் கோபம் முழுதாகப் போய்விட்டது என்று நினைக்காதே. உன் மேல் கொஞ்சம் மீதி இருக்கிறது. என் மேல் அதைவிட அதிகம். அந்தப் பயிற்சியாளர் மேல் இருப்பது அப்படியே இருக்கிறது. அடுத்த குழுவிலும் அவர்தான் இருப்பார் என்றால், இன்னொரு பெண் ஒற்றைக் காலில் நிற்பாள். நான்காவது பக்கம் எழுதத் தொடங்கிவிட்டேன்.

விடைத்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த வட்ட அம்புக்குறியின் மேல் போட்ட சிவப்புக் கோட்டை அழிக்க முடியவில்லை, அழிக்கவும் கூடாது. பக்கத்தில் சரி என்று குறியிட்டு, குறைத்த ஒரு மதிப்பெண்ணைச் சேர்த்து, இன்றைய தேதியோடு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவளிடம் கொடு. இழுப்பறையில் வைக்காதே.

தாழ்ப்பாள் பிரமாதம். முப்பத்தொரு வருடத்தில் எனக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமை பேருந்தில் வருகிறேன். பித்தளைக் கீலையும் கொண்டுவருகிறேன், இப்போதாவது ஒரு கதவில் மாட்டு. எனக்கு ஒரு தாழ்ப்பாளை எடுத்து வை. மாடி வீட்டுப் பிள்ளைகள் மாலையில் பாடம் கேட்க வருகிறார்கள், இனி இரண்டையும் காட்டுவேன்.

உன் கை நடுங்குவதைப் பற்றி. நல்லது. அன்று அது நடுங்கவில்லை என்பதுதான் தவறு. உனக்கு இப்போது அவள் முட்டியை நினைத்துப் பயம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பயம் கவனமாக மாறும். அதனால் அவள் காலைத் தொடுவதற்கு முன்னால் உன் காலைத் தொட்டுப் பார்.

ஒரு நாற்காலியில் உட்கார். பாதம் தரையில் இருக்கட்டும், முட்டி மடங்கியிருக்கட்டும். சில்லுக்கு இரண்டு விரற்கடை கீழே ஒரு எலும்பு மேடு தட்டுப்படும், அதன் மேல் ஒரு விரலை வை. குதிகாலைத் தூக்காமல் பாதத்தை மெதுவாக உள்ளேயும் வெளியேயும் திருப்பு. பிறகு விரலை எடுக்காமலே காலை நேராக நீட்டி, தொடையை அசைக்காமல் அதையே மறுபடி செய்து பார். முதலில் விரலுக்கடியில் நகர்ந்த மேடு இப்போது நகராது: நகர்ந்தது அவள் போட்ட அம்புக்குறி, நின்றது உன் தாழ்ப்பாள்.

அக்கா